பில் வேலையைக் கம்ப்யூட்டரே ஓட்டுமா?

போன இதழில் இ-இன்வாய்ஸ் பற்றிப் போகிற போக்கில், "பில் போட்டு, ஐஆர்என் வாங்கி, இ-வே பில் எடுத்து, டிரைவர் கையில் சேர்க்கிற வரைக்கும் ஆள் கை படாமலே செய்ய முடியும்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். (இ-இன்வாய்ஸ் என்றால் பில்லை அரசு போர்ட்டலில் பதிவு செய்வது, ஐஆர்என் அப்போது கிடைக்கிற பதிவு எண், இ-வே பில் சரக்கு வண்டியில் போவதற்கான மின்னணுச் சீட்டு.) அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் செல்போன், லேப்டாப் கேள்விகளுக்கு இந்த முறை விடுமுறை.

கேள்வி: எங்களுடையது பின்னலாடை கம்பெனி. அக்கவுண்ட்ஸ் மென்பொருளில் பில் போட்டு, அதை ஜேசான் ஃபைலாக (கம்ப்யூட்டர் படிக்கிற விவர வடிவம்) எடுத்து, போர்ட்டலில் ஏற்றி, வருகிற ஐஆர்என்னைத் திரும்ப பில்லில் சேர்த்து, இ-வே பில் எடுத்து, டிரைவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். இரண்டு பேருக்கு நாள் முழுக்க இதே வேலை. மென்பொருள் விற்க வந்தவர், "பிபிஎம் போடுங்கள் சார், எல்லாம் ஆட்டோமேட்டிக்" என்கிறார். நம்பலாமா? – வாசகர், திருப்பூர்

நம்பலாம், ஆனால் அவர் சொல்கிற வரிசையில் வேண்டாம். பிபிஎம் என்பது ஒரு வேலையின் படிகளை வரைபடமாக்கி, அந்த வரிசையில் மென்பொருளை வைத்து நடத்துகிற முறை. அவர் முதலில் மென்பொருளை விற்று, அப்புறம் உங்கள் வேலையை அதற்குள் திணிக்கப் பார்ப்பார். முதலில் வேலையைப் படமாக வரையுங்கள். ஒரு காலை நேரம் அந்த இரண்டு பேர் பக்கத்தில் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதை எழுதாதீர்கள். வாங்குபவரின் ஜிஎஸ்டி எண் ரத்தாகிவிட்டது என்று போர்ட்டல் சொன்னால் யாருக்குப் போன் போடுகிறார்கள்? சரக்கு ஏற்றிய பிறகு லாரி மாறினால் புது வண்டி எண் எந்த வழியாக அவர்களுக்கு வருகிறது? பெரும்பாலும் மேஜை ஓரத்தில் ஒரு நோட்டு இருக்கும், அல்லது மானிட்டரில் ஒட்டிய மஞ்சள் சீட்டு. "இந்தப் பார்ட்டிக்கு பி.ஓ. (கொள்முதல் ஆணை) நம்பர் இல்லாமல் பில் போடாதே" என்பது போல எந்த மென்பொருளிலும் இல்லாத சங்கதி அதில்தான் எழுதியிருக்கும். அது படத்தில் வந்தே ஆக வேண்டும்.

வரைவதற்கு பிபிஎம்என் என்று ஒரு முறை இருக்கிறது. வட்டத்தில் தொடங்கி, கெட்டிக் கோடு போட்ட வட்டத்தில் முடியும். நடுவில் ஒவ்வொரு வேலைக்கும் மூலை வளைந்த ஒரு கட்டம், முடிவெடுக்கும் இடத்தில் ஒரு டைமண்ட், காத்திருக்கும் இடத்தில் கடிகாரமோ தபால் உறையோ வைத்த இரட்டை வட்டம். உங்கள் கம்பெனி ஒரு பெரிய கட்டத்துக்குள், அரசு போர்ட்டல் இன்னொன்றில், டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் மூன்றாவதில். ஒரு பெரிய கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிற விட்டு விட்டுப் போட்ட கோடுகளை மட்டும் கவனியுங்கள், அவைதான் செய்திகள். அந்த இடங்களில்தான் வெப் சர்வீஸ் வேலைக்கு வரும். அதாவது உங்கள் ஊழியர் திரையைத் திறந்து ஃபைல் ஏற்றுவதற்குப் பதிலாக, உங்கள் மென்பொருள் அந்த பில்லின் ஜேசானை நேராக போர்ட்டலின் மென்பொருளுக்கு அனுப்பும், அது சரிபார்த்து 64 எழுத்து ஐஆர்என்னும், ஒப்புகை எண்ணும், கையொப்பமிட்ட க்யூஆர் கோடும் திருப்பி அனுப்பும். வண்டி விவரத்தையும் சேர்த்தே அனுப்பினால் இ-வே பில் எண்ணும் கூடவே வந்துவிடும்.

சரி, இந்தப் படத்தை ஓட்டுகிற பிபிஎம் இன்ஜின் வேண்டுமா? நீங்கள் எழுதியிருக்கிற ஆறு படிகள் மட்டும்தான் என்றால் வேண்டாம் என்பேன். இந்த இணைப்பு இன்று பல அக்கவுண்ட்ஸ் மென்பொருள்களிலேயே இருக்கிறது, அதை முடுக்கிவிட்டாலே போதும். சாயப்பட்டறைக்குத் துணி அனுப்பி அது திரும்பி வருகிற வரைக்கும் காத்திருப்பது, வாங்குபவர் சாம்பிளை ஒப்புக்கொண்டால் ஒரு வழி, இல்லையென்றால் வேறு வழி, நாலு வெளி ஆட்கள், நாட்கணக்கில் நீள்கிற ஆர்டர் என்று வந்தால் அப்போது இன்ஜினுக்கு வேலை இருக்கிறது. அது வரைபடத்தையே நிரலாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆர்டரும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று நினைவு வைத்துக்கொள்ளும், செர்வர் நின்று எழுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். விற்க வந்தவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "போர்ட்டல் பதிலே தராவிட்டால் உங்கள் மென்பொருள் என்ன செய்யும்?" "அப்படியெல்லாம் ஆகாது சார்" என்றால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: நான் இ-இன்வாய்ஸ் இணைப்பு எழுதுகிற டெவலப்பர். சில நேரம் பதில் வராமல் டைம்அவுட் ஆகிறது. திரும்ப அனுப்பினால் ஒரே பில்லுக்கு இரண்டு ஐஆர்என் விழுந்துவிடுமோ? – வாசகர், கோயம்புத்தூர்

விழாது, இந்த ஒரு விஷயத்தில் வடிவமைத்தவர்களைப் பாராட்ட வேண்டும். ஐஆர்என் வரிசையாக வழங்குகிற டோக்கன் நம்பர் இல்லை. விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் இந்த நான்கையும் சேர்த்து ஷா-256 என்ற சூத்திரத்தில் கணக்கிட்டு வருவது. அதே நாலு விவரத்தை எத்தனை முறை அனுப்பினாலும் அதே ஐஆர்என்தான் வர முடியும். முதல் முறை அனுப்பியது போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருந்தால், இரண்டாம் முறை 2150 என்ற பிழை எண் வரும், அதாவது இந்த பில் ஏற்கெனவே பதிவாகிவிட்டது.

வம்பு இதற்கு அப்புறம்தான். பல மென்பொருள்கள் 2150-ஐச் சிவப்பு எழுத்தில் "எரர்" என்று காட்டிவிட்டு நின்றுவிடும். பில் போடுகிறவர் என்ன செய்வார்? வாசலில் லாரி ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கிறது, அவர் பில் நம்பரை ஒன்று கூட்டிப் புதிதாக அனுப்புவார், அது உடனே பாஸாகிவிடும். இப்போது ஒரே சரக்குக்கு இரண்டு பில், இரண்டு முறை வரி, மாதக் கடைசியில் ஆடிட்டர் தலையில் கை வைப்பார். உங்கள் நிரலில் 2150 வந்தால் அதை வெற்றி என்றே எடுத்துக்கொண்டு, பதிலோடு வருகிற பழைய ஐஆர்என்னை எடுங்கள், அல்லது ஆவண விவரத்தைக் கொடுத்து ஐஆர்என் கேட்கிற தனி அழைப்பு இருக்கிறது, அதைக் கூப்பிடுங்கள். நீங்கள் அனுப்பிய பில்தானா என்று தேதியையும் தொகையையும் ஒப்பிட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போங்கள்.

எல்லா வெப் சர்வீஸும் இவ்வளவு நல்ல பிள்ளையாக இருக்காது. டிரான்ஸ்போர்ட் கம்பெனியின் புக்கிங் சர்வீஸுக்கு இரண்டு முறை அனுப்பினால் இரண்டு லாரி வந்து நிற்கலாம், பணம் அனுப்புகிற சர்வீஸ் என்றால் கேட்கவே வேண்டாம். அங்கே ஒவ்வொரு கோரிக்கைக்கும் நீங்களே ஒரு எண் கொடுத்து அனுப்ப வேண்டும், அந்த எண் திரும்ப வந்தால் பழைய பதிலையே தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தரமாட்டார்கள் என்றால், முதலில் நிலவரம் கேட்டு, பதிவாகவில்லை என்று உறுதியான பிறகுதான் மறுபடி அனுப்ப வேண்டும். அந்த எண்ணை அனுப்புவதற்கு முன்னாலேயே டேட்டாபேஸில் எழுதிவிடுங்கள், அனுப்பிய பிறகு எழுதலாம் என்று விட்டால் நடுவில் கரண்ட் போகும். இன்னொன்று: நெட்வொர்க் தகராறு வேறு, தகவல் தப்பு வேறு. முதலாவதற்கு 5 நொடி, 30 நொடி, 5 நிமிடம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே திரும்ப முயலலாம். எச்எஸ்என் எண் (சரக்கு வகைக்கான குறியீடு) தப்பு என்றால் நூறு முறை அனுப்பினாலும் தப்புதான், நேராக ஒரு ஆளின் திரையில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.

கேள்வி: எம்.சி.ஏ. படிக்கிறேன். பாடத்தில் பீபெல் என்று ஒரு பகுதி முழுக்க இருக்கிறது. வேலைக்குப் போன சீனியர்கள் அதைக் கண்ணாலேயே பார்த்ததில்லை என்கிறார்கள். ஏன் படிக்க வேண்டும்? – வாசகி, சென்னை

சீனியர்கள் சொல்வது ஏறக்குறைய உண்மைதான். பீபெல் என்பது பல வெப் சர்வீஸ்களைக் கோர்த்து ஒரே செயல்முறையாக ஓட்டுகிற மொழி. 2002-ல் இதற்கென்று ஐபிஎம்மிடம் ஒரு மொழி, மைக்ரோசாஃப்டிடம் ஒரு மொழி இருந்தது, இரண்டையும் ஒன்றாக்கி பிஇஏ கம்பெனியையும் சேர்த்துக்கொண்டு கொண்டுவந்ததுதான் பீபெல். 2007-ல் அதன் 2.0 ஒயாசிஸ் என்ற தர நிர்ணய அமைப்பின் தரமாயிற்று. உலகத்தில் எல்லாமே சோப் என்ற முறையில் அமைந்த வெப் சர்வீஸாக மாறிவிடும், அவற்றைக் கோர்த்துவிட்டால் வியாபாரமே ஓடும் என்ற நம்பிக்கை அப்போது பலமாக இருந்தது. பீபெலில் மனிதனுக்கு இடமே இல்லை. "மேனேஜர் பார்த்து ஓகே சொல்ல வேண்டும்" என்பதை எழுத வழியில்லாமல், அதற்கென்று தனியாக ஒரு நீட்டிப்பைப் பிறகு கொண்டுவர வேண்டியிருந்தது. படம் வரைகிற முறையும் அந்தத் தரத்தில் கிடையாது, பக்கம் பக்கமாக எக்ஸ்எம்எல் என்கிற குறியீட்டு எழுத்துதான். வியாபாரம் தெரிந்தவருக்கு அது புரியாது, நிரல் எழுதுகிறவருக்கு அதைவிடச் சுலபமான மொழிகள் கையில் இருந்தன. இதற்கிடையில் சோப் போய் ரெஸ்ட் என்ற எளிய முறை பரவியது. வரைபடத்தையே ஓட்டலாம் என்று 2011-ல் பிபிஎம்என் 2.0 வந்த பிறகு, புதிதாகத் தொடங்குகிறவர்கள் பீபெல் பக்கம் திரும்ப வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

ஆனாலும் இரண்டு பகுதிகளைத் தேர்வுக்காக இல்லாமல் படியுங்கள். ஒன்று கோரிலேஷன்: ஒரே நேரத்தில் 300 ஆர்டர் காத்திருக்கும்போது, வெளியிலிருந்து வருகிற ஒரு பதில் எந்த ஆர்டருக்கு உரியது என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்பது. இன்னொன்று காம்பன்சேஷன், அதாவது செய்து முடித்ததை எதிர்க் காரியத்தால் ஈடுகட்டுவது, அதற்கு அடுத்த கேள்வியே உதாரணம்.

கேள்வி: ஐஆர்என் எடுத்து, இ-வே பில்லும் எடுத்த பிறகு பார்ட்டி ஆர்டரைக் கேன்சல் செய்கிறார். டேட்டாபேஸில் ரோல்பேக் செய்வது போல ஒரே பட்டனில் எல்லாவற்றையும் பழையபடி ஆக்க முடியாதா? – வாசகர், ஈரோடு

முடியாது. ரோல்பேக் என்பது உங்கள் டேட்டாபேஸுக்குள் மட்டும். போர்ட்டலில் பதிவானது, டிரான்ஸ்போர்ட்காரர் வண்டி ஒதுக்கியது இதெல்லாம் உங்கள் கையை விட்டுப் போன காரியங்கள், ஒவ்வொன்றுக்கும் அதற்கு எதிரான காரியத்தைத் தனியாகச் செய்துதான் தீர வேண்டும். 1987-லேயே ஹெக்டர் கார்சியா-மொலினா, கென்னத் சேலம் என்ற இரண்டு பேர் பிரின்ஸ்டனிலிருந்து இதைப் பற்றி 'சாகாஸ்' என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். நீண்ட வேலையைச் சின்னச் சின்னதாக வெட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் அதை ஈடுகட்டுகிற ஒரு துண்டை முன்கூட்டியே எழுதி வை, நடுவில் ஒன்று தவறினால் கடைசியிலிருந்து பின்னோக்கி ஈடுகட்டிக்கொண்டே வா என்பதுதான் அதன் சாரம்.

உங்கள் விஷயத்தில் பின்னோக்கி வருகிற வரிசை ரொம்ப முக்கியம். இ-வே பில் உயிரோடு இருக்கும்போது ஐஆர்என்னைக் கேன்சல் செய்யப் போர்ட்டல் விடாது. அதனால் முதலில் இ-வே பில், அப்புறம் ஐஆர்என். இரண்டுக்குமே எடுத்த நேரத்திலிருந்து 24 மணி நேரம்தான் கெடு. வழியில் அதிகாரி நிறுத்திச் சரிபார்த்துவிட்டால் அந்த இ-வே பில்லைக் கேன்சல் செய்ய முடியாது. கெடு தாண்டிவிட்டதா, ஐஆர்என்னை ரத்து செய்கிற பேச்சே இல்லை, கிரெடிட் நோட் (பில் தொகையைக் கழிக்கிற ஆவணம்) போட வேண்டியதுதான். கேன்சல் ஆன பில்லின் எண்ணை வைத்துத் திரும்ப ஐஆர்என் எடுக்கவும் முடியாது, புது எண் வேண்டும்.

ஆக, உங்கள் படத்தில் "கேன்சல்" என்று ஒரு கட்டம் போட்டால் போதாது. இரண்டு டைமண்ட், ஒன்றில் இ-வே பில் இருக்கிறதா என்றும் இன்னொன்றில் 24 மணி நேரம் ஆகிவிட்டதா என்றும் கேட்டு, மூன்று வழியாகப் பிரியும். இ-வே பில் கேன்சலாகி, ஐஆர்என் கேன்சல் மட்டும் போர்ட்டல் கோளாறால் நின்றுபோனால் என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள். கெடு முடிய 2 மணி நேரம் இருக்கும்போது கடிகார வட்டம் ஒன்று அலறி, அக்கவுண்ட்ஸ் ஆளின் போனுக்குத் தகவல் போக வேண்டும். ஈடுகட்டுகிற வேலையே தவறிப்போகும் என்பதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: தினமும் 40 பில்களை ஒரு மென்பொருள் ரோபோவே திரையில் கிளிக் செய்து ஏற்றுகிறது. ஏபிஐ (நேரடி வெப் சர்வீஸ் இணைப்பு) செலவை மிச்சம் பிடித்தோம். இது போதாதா? – வாசகர், கரூர்

போர்ட்டலின் திரை மாறுகிற வரைக்கும் போதும். பட்டன் இடம் மாறினாலோ, கேப்சா வந்தாலோ, "பராமரிப்புப் பணி" என்று ஒரு பெட்டி குதித்தாலோ உங்கள் ரோபோ அங்கேயே நிற்கும், அல்லது அதைவிட மோசமாக, தப்பான இடத்தில் கிளிக் செய்யும். ஏபிஐயே இல்லாத பழைய மென்பொருளோடு மல்லுக்கட்டத்தான் இந்த ரோபோக்கள். ஒழுங்கான வெப் சர்வீஸ் இருக்கிற இடத்தில் திரையைக் கிளிக் செய்துகொண்டிருப்பது சிக்கனமே இல்லை. நேரடி இணைப்புக்கு வழியில்லை என்றால் ஜிஎஸ்பி என்கிற இடைநிலை நிறுவனங்கள் மூலம் போகலாம்.

கேள்வி: கொள்முதல் ஒப்புதல் முழுவதையும் தானியங்கியாக்கினோம். எல்லாம் நொடியில் ஓடி மேனேஜர் இன்பாக்ஸில் போய் மூன்று நாள் தூங்குகிறது. மென்பொருளில் என்ன மாற்ற வேண்டும்? – வாசகி, ஓசூர்

மென்பொருளில் கொஞ்சம்தான், மேனேஜரிடம் நிறைய. மென்பொருள் பக்கம்: ஒப்புதல் கட்டத்தின் விளிம்பில் ஒரு கடிகாரம் பொருத்துங்கள். 4 மணி நேரத்தில் நினைவூட்டல், ஒரு வேலை நாளில் அடுத்த ஆளுக்கு மாறுதல். இ-மெயிலில் வெறும் லிங்க் அனுப்பாமல் என்ன பொருள், எவ்வளவு, போன முறை என்ன விலைக்கு வாங்கினோம் என்பதை அதிலேயே காட்டுங்கள், போனில் பார்த்தே முடிவெடுக்கட்டும்.

மேனேஜர் பக்கம்: எத்தனை கோரிக்கைகளை அவர் உண்மையிலேயே நிராகரித்திருக்கிறார் என்று இன்ஜினின் பதிவுகளில் பாருங்கள். 5,000 ரூபாய்க்குள் இருப்பதை ஒரு முறைகூட மறுத்ததில்லை என்றால் அந்த ஒப்புதலே தேவையில்லை, டைமண்டில் தொகையைப் பார்த்து நேராக விட்டுவிடலாம். இதைச் சொன்னால் கோபம் வரும், ஏனென்றால் ஒப்புதல் என்பது பல ஆபீஸ்களில் வேலை இல்லை, மரியாதை. அதற்கு பிபிஎம்என்னில் குறியீடு கிடையாது.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கிற செயல்முறையில் ஒரு படியைச் சேர்க்க வேண்டும். நடுவில் நிற்கிற ஆர்டர்களின் கதி? – வாசகர், மதுரை

நல்ல இன்ஜின் எதுவும் பழைய ஆர்டரைப் பழைய படத்திலும், இன்று தொடங்குவதைப் புதுப் படத்திலும் ஓட்டும். பெரும்பாலும் அப்படியே விடுவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் சட்டம் மாறினால் அப்படி விட முடியாது. 10 கோடியும் அதற்கு மேலும் விற்றுமுதல் உள்ளவர்கள் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் போர்ட்டலில் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரல் 1 முதல் வந்தபோது, பில் போட்டு நடுவில் நின்றவற்றையும் புதுப் படத்துக்கு நகர்த்த வேண்டியிருந்தது. எந்தப் பழைய கட்டத்தில் நிற்பது எந்தப் புதுக் கட்டத்துக்குப் போகும் என்று பட்டியல் போட்டு, முதலில் ஒரே ஒரு ஆர்டரை நகர்த்திப் பாருங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் செய்யாதீர்கள்.

கேள்வி: 12 வருடமாக பில்லிங் செக்‌ஷனில் இருக்கிறேன். இந்த மாதிரி மென்பொருள் வரப்போகிறது என்று முதலாளி சொல்கிறார். என் வேலை போய்விடுமா சார்? – வாசகி, சிவகாசி

டைப் அடிக்கிற பகுதி போய்விடும், அதை மறைத்துச் சொல்வதில் பிரயோசனம் இல்லை. மூன்று பேர் இருக்கிற இடத்தில் இரண்டு பேர் போதும் என்று நினைக்கிற முதலாளிகளும் இருக்கிறார்கள். ஆனால் எந்தப் பார்ட்டி பில்லில் என்ன கோளாறு வரும், லாரி மாறினால் யாரைப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும், மென்பொருள் போட வருகிறவருக்குத் தெரியாது. அவர் படம் வரைகிற அன்று நீங்கள் அந்த அறையில் இருக்க வேண்டும், கூப்பிடாவிட்டால் நீங்களே கேட்டுப் போங்கள். மென்பொருள் தடுமாறி நிறுத்துகிற பில்கள் வந்து சேர்கிற திரை ஒன்று இருக்கும், அதை உங்கள் பொறுப்பில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போர்ட்டல் தருகிற பிழை எண்களில் அடிக்கடி வருகிறதை இப்போதிருந்தே ஒரு நோட்டில் எழுதி, எதற்கு என்ன செய்தீர்கள் என்று பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.

கேள்வி: படம் வரைய இலவச மென்பொருள் உண்டா? – வாசகர், சேலம்

பிபிஎம்என் டாட் ஐஓ தளத்தில் பிரௌசரிலேயே வரையலாம், காசு இல்லை. வரைந்ததை ஓட்டிப் பார்க்க ஃப்ளோவபிளின் திறந்த மூலப் பதிப்பு இருக்கிறது. பழைய பாடங்களில் கமுண்டா 7 என்று பார்த்தால் கவனம், அதன் இலவசப் பதிப்பின் கடைசி வெளியீடு 2025 அக்டோபரில் வந்த 7.24. புதிதாகத் தொடங்குகிறவர் அதில் கால் வைக்க வேண்டாம்.